பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

அக்கா,

இன்று காலை பல் துலக்கிவிட்டு வந்து உட்காருவதற்குள் செல்போன் சிணுங்கியது. சபைப் பெண்கள் குழுவில் ஒரு செய்தி. "அன்புச் சகோதரிகளே, நம் சபைக் குடும்பம் ஒன்றில் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பேர் வேண்டாம். பாரத்தோடு ஜெபியுங்கள். இது நமக்குள் இருக்கட்டும்." நமக்குள் என்றால் எத்தனை பேர் என்று குழுவைத் திறந்து பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்பிவிடலாம். உடனே கும்பிடும் கைகளாக வந்து விழத் தொடங்கின. நடுவில் ஒருத்தி, "போன மாசம் புது வீடு கட்டினாங்களே, அவங்களா?" என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு, அவசரமாக அதை அழித்துவிட்டாள்.

செல்போனைக் கட்டில்மேல் எறிந்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் உங்கள் தொழில் நன்றாகத்தான் நடக்கிறது, அக்கா. அப்போது நாமக்கல்லில் ஒரு கூடம், பாய் விரித்து உட்கார்ந்த கொஞ்சம் பொம்பளைகள், ஆளுக்கொரு டம்ளர் டீ. இப்போது டீச் செலவுகூட இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மருமகள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் திரும்பி வர நினைத்திருந்தால், இந்நேரம் அந்த நினைப்பை விட்டிருப்பாள் என்பது தெரியும்.

கோபம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். உங்களைப் பற்றி நல்லதாகப் பேச ஊரே இருந்தது. நான் ஒருத்தி பேசாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

எழுபதுகளில் நான் கல்யாணமாகி அந்த லைன் வீட்டுக்கு வந்தபோது, முதலில் பின்வாசல் வழியாக உள்ளே வந்தவர் நீங்கள்தான். முன்வாசல் என்று ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீடு, போஸ்டாபீஸ் கிளார்க்கின் மனைவி, பெண்கள் கூட்டத்தின் தலைவி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். "ஏங்கண்ணு, நீயும் நம்ம சபைதானாமே" என்று கேட்டுக்கொண்டே என் அடுப்பில் கொதித்த ரசத்தைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தீர்கள். உப்பு போதாது என்றீர்கள். அதே ஈரக்கையை என் தலையில் வைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனீர்கள். எனக்கு அன்றைக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் மாமியார் ஊரில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது சந்தோஷமாகவும் இருந்தது.

எதற்கெல்லாம் ஜெபித்தீர்கள் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அடிபம்பில் தண்ணீர் ஏறவில்லை என்றால் பம்பின் தலையில் கைவைத்து ஜெபம். மண்ணெண்ணெய் வரிசையில் நமக்கு முன்னால் தீர்ந்துவிடக்கூடாது என்று நின்றுகொண்டே ஜெபம். தோசை மாவு பொங்கவில்லை என்றால் அதற்கும். யாராவது முகம் வாடியிருந்தால் போதும், "சோர்ந்து போகாத கண்ணு, அவரு பாத்துக்குவாரு" என்று முதுகில் ஒரு தட்டு. அந்தத் தட்டு கொஞ்சம் வலிக்கும்.

என் மூத்தவளுக்கு டைபாய்டு வந்தபோது நீங்கள் இராப்பகலாக வந்து ஈரத்துணி போட்டதை நான் மறைக்கவில்லை. அவள் கண்திறந்தபோது என்னைவிட அதிகமாக அழுதவர் நீங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமானவள் இல்லை. ஆனால் அந்தக் கதையையும் அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னீர்கள். அதில் என் வீட்டில் துவைக்காமல் கிடந்த போர்வையும் சேர்ந்து வந்தது. மற்றவர்கள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் மறுநாள் எல்லாப் போர்வையையும் துவைத்தேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றி.

அவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மரவேலை பார்த்தார். நல்ல வேலைக்காரர். அதிகம் பேசமாட்டார். சாராயக்கடையை மறுபடி திறந்துவிட்ட காலம் அது. பட்டறை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் கடை. வந்து கலாட்டா பண்ணுகிற ஆள் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் அப்பா பக்கத்தில் போகாமல் ஒதுங்கி நடக்கப் பழகிக்கொண்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கோயிலுக்கு வருவதை எப்போதோ விட்டிருந்தார். "வாசத்தோட வந்து உக்கார முடியுமா?" என்பார்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "இனி வேண்டாம்னு இருக்கறேன். யாருகிட்டயும் சொல்லிப்போடாத. முடியாமப் போச்சுன்னா அசிங்கம்."

அவ்வளவுதான். அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

பிறகு நடந்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான். கை நடுங்கி உளியைப் பிடிக்க முடியாமல் போனது. பட்டறையில் வயிற்றுக்கோளாறு என்று சொல்லி லீவு போட்டார். வேர்த்து வேர்த்துப் பாய் நனைந்தது. கடைப் பக்கம் போகாமல் மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பை நிறையக் கடலை மிட்டாய் வைத்துக்கொண்டு சின்னப் பையனைப்போல் கடித்துக்கொண்டிருந்தார். வாரங்கள் போயின. சின்னவள் அவர் மடியில் உட்கார்ந்து மிட்டாயைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தாள். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, "இந்த ஞாயித்துக்கெழம நானும் வாரேன்" என்றார்.

எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை, அக்கா. அடிபம்பில் நீங்கள் குடத்தை வைத்துக்கொண்டு நின்றீர்கள். வாயைத் திறந்துவிட்டேன். "இது கூட்டத்துல வேண்டாங்க அக்கா. நீங்க மட்டும் உங்க ஊட்டுல ஜெபிச்சுக்கங்க. அவருக்குத் தெரிஞ்சா உயிரையே உட்ருவாரு." நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நீ சொன்னது கெணத்துல போட்ட கல்லு கண்ணு" என்றீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. நம்பினேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் உங்கள் வீட்டில்தான். பாட்டு முடிந்து ஜெபக்குறிப்பு கேட்டார்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்தியின் தம்பிக்கு வேலை. எல்லோரும் முக்காடு போட்டுக் கண்ணை மூடினோம். நீங்கள் ஜெபத்தை நடத்தினீர்கள். முழங்கால் முடிந்து, தம்பி முடிந்து, உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"ஆண்டவரே, இந்தக் கூடத்துல உக்காந்திருக்கற ஒரு சகோதரிக்காக வாரோம். பேரு உமக்குத் தெரியும். அவ ஊட்டுக்காரரு லாரிப் பட்டறையில மரவேல பாக்கறவரு. குடிய உட்டுப்போட்டு, இந்த ஞாயித்துக்கெழம உம்முடைய ஆலயத்துக்கு வாராரு சாமி..."

பேர் சொல்லவில்லை, வாஸ்தவம். நம் சபையில் லாரிப் பட்டறை மரவேலைக்காரர் எத்தனை பேர், அக்கா? நான் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆமென் சொன்ன பிறகும் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். திறந்தபோது டீத் தட்டு வந்தது. வழக்கமாக மூத்தவர்களுக்குத்தான் முதல் டம்ளர். அன்றைக்கு முதலில் என்னிடம் நீட்டினார்கள். பாஸ்டரின் மனைவி என் முழங்கையைத் தடவிக்கொடுத்தார். எல்லோர் முகத்திலும் அவ்வளவு கனிவு. அந்தக் கனிவை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அறையத் தோன்றுகிறது.

வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். வர வேண்டாம் என்று தடுத்திருக்கலாம். ஆனால் அவர் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கொடியில் காயவைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் கூட்டத்துக்குள் நடந்தது ஆண்கள் பக்கம் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறன்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாட்டுக்கு எழுந்தார். வாயசைத்தார். நான் இந்தப் பக்கமிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசங்கத்துக்கு முன்னால் பாஸ்டர் ஜெபித்தார். நல்ல மனுஷன், நிறைந்த மனதோடுதான் சொன்னார். "மதுபானத்தின் பிடியிலிருந்து விடுபட்டு, இன்று நம் நடுவே வந்திருக்கும் அருமைச் சகோதரருக்காக" என்று. கண்ணை மூடியிருக்க வேண்டிய சபை தலையைத் திருப்பியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து கடைசி வரிசைக்கே போய், அவர் தோளில் தட்டி, "தைரியமா இருங்க தம்பி" என்றார்.

அவர் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. நீயா, என்று கேட்பதுபோல் பார்த்தார். வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அன்று சாயங்காலம் வெள்ளைச் சட்டையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்கச் சாராய வாசம். சின்னவள் மிட்டாய் கேட்டுப் போனாள். நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நீங்கள் வந்தீர்கள், பின்வாசல் வழியாக, கையில் கருவாட்டுக் குழம்போடு. நம் சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"ஏனுங்க, கெணத்துல போட்ட கல்லுன்னு சொன்னீங்களே?"

"நான் பேரே சொல்லலியே கண்ணு."

"பேரு ஒண்ணுதான் பாக்கி! அவரு மானத்த நடுக் கூடத்துல வெச்சுப் பங்கு போட்டுட்டீங்க."

"நாலு பேரு சேந்து ஜெபிச்சா பலம்தான சாமி? நல்லதுக்குத்தான..."

"அவரு தனியாத்தான் உட்டாருங்க. தனியாத்தான் இத்தன நாளும் பல்லக் கடிச்சுட்டு இருந்தாரு. உங்க நாலு பேரு வந்தீங்க, ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு."

குழம்புச் சட்டியை அடுப்படியில் வைத்தீர்கள். பிறகு, என்ன தைரியம் உங்களுக்கு, என் முதுகைத் தட்டி, "சோர்ந்து போகாத" என்றீர்கள். குழம்புச் சட்டியை வாசலுக்கு வெளியே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்தது என்ன தெரியுமா? அடுத்த வெள்ளிக்கிழமை நான் கூட்டத்துக்குப் போகவில்லை. "ஒரு சகோதரி கோபத்தின் கட்டிலிருந்து விடுதலையாக" என்று நீங்கள் ஜெபித்ததாக எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னாள். என் கோபத்தையும் விட்டுவைக்கவில்லை நீங்கள்.

கோயிலை மட்டும் நான் விடவில்லை. உங்களுக்காக நான் ஏன் என் ஆண்டவரை விட வேண்டும்? என் வீட்டுக்காரர் என்னைச் சைக்கிளில் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே இறக்கிவிடுவார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆராதனை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார். வருஷக்கணக்காக அப்படித்தான். கேட்டைத் தாண்டி ஒருநாளும் வரவில்லை. யார் கூப்பிட்டாலும், "இருக்கட்டுங்க" என்பார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அவர் மறுபடியும் குடியை விட்டார். நீங்கள் உயிரோடு இருந்தபோதே. இந்த முறை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கடலை மிட்டாய்த் தூள் இருந்தது. நான் அதை உதறிவிட்டுப் பேசாமல் துவைத்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே, உதடு அசையாமல் ஜெபித்தேன். கண்ணையும் மூடவில்லை; மூடினால் அவர் பார்த்துவிடுவார். கோயில் வாசலில் நீங்கள் பிடித்து நிறுத்தி, "அவரு எப்படி இருக்கறாரு கண்ணு?" என்று கேட்கும்போதெல்லாம், "அப்படியேதானுங்க இருக்கறாரு" என்றேன். உங்கள் முகம் வாடும். எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருக்கும். நீங்கள் சாகும்வரை அவரைக் குடிகாரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். அவர் பிழைத்துக்கொண்டார்.

எண்பதுகளின் கடைசியில் உங்களுக்கு வயிற்றில் கட்டி என்று சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சபையே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நான் போகவில்லை. பிறகு நீங்களே ஆள் சொல்லி அனுப்பினீர்கள். "போய்ட்டு வா, நானும் வாரேன்" என்று அவர்தான் என்னைக் கிளப்பினார். அவர் வராந்தாவில் நின்றுகொண்டார்.

மத்தியான நேரம். கட்டிலைச் சுற்றிப் பெண்கள் கூட்டத்தார் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பாதியாகக் கிடந்தீர்கள். கையை ஆட்டி எல்லோரையும் வெளியே போகச் சொன்னீர்கள். என்னைக் குனியச் சொல்லி, காதோடு ஒன்றைச் சொன்னீர்கள். நோயைப் பற்றியது இல்லை. வெளியே நிற்கிறவர்களிடம் சொல்லியிருந்தால் விடிய விடிய ஜெபித்திருப்பார்கள். ஆனால் அதற்கப்புறம் உங்களை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரிந்தது, உங்களுக்கும் தெரிந்தது. சொல்லி முடித்து, "எனக்காக ஜெபிச்சுக்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாத" என்றீர்கள்.

அவர் சொன்ன அதே வார்த்தை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இத்தன பேரு இருக்கறாங்களே. எதுக்குங்க எங்கிட்டச் சொல்றீங்க?"

"நீதான் சொல்ல மாட்ட" என்றீர்கள்.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் இருப்பது என்றால் என்ன, அது யாருக்கு எவ்வளவு தேவை என்பது அத்தனை வருஷமும் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் உங்களை உலுக்கிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. எலும்பாகக் கிடந்தவரை எங்கே உலுக்குவது? உங்கள் தலையில் கைவைத்தேன். சத்தமில்லாமல் ஜெபித்தேன். மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கோபத்தோடுதான் ஜெபித்தேன். கோபத்தோடு ஜெபித்தாலும் ஆண்டவர் கேட்பார் என்பதை உங்கள் புண்ணியத்தில் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பையிலிருந்து கடலை மிட்டாய் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அப்புறம் அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

நீங்கள் போனதும் உங்கள் சவப்பெட்டியைச் செய்தவர் அவர்தான். சபையில் யாரும் கேட்கவில்லை, அவராகவே பட்டறையில் நின்று செய்தார். "மரம் நல்லதா இருக்கோணும்" என்று மட்டும் சொன்னார். வீட்டிலிருந்து தோளில் சுமந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். கோயில் கேட் வந்ததும் நின்று, தன் பக்கத்தை வேறொருவர் தோளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு எதிரே டீக்கடைக்குப் போனார். ஆராதனை முடிந்து பெட்டி வெளியே வந்ததும் மறுபடி தோள் கொடுத்தார். உங்களுக்காகக்கூட அந்தக் கேட்டைத் தாண்டவில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே சாட்சி நேரம் வந்தது. ஆளாளுக்கு எழுந்து உங்களைப் பற்றிச் சொன்னார்கள். பாஸ்டர் என்னைப் பார்த்து, "பக்கத்து வீட்டில் இருந்தவர், கடைசியாகத் தனியே பேசியவர், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். எழுந்து நின்றேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது, அன்றைக்கு அவர் பக்கம் திரும்பியதுபோல. பேர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. "நம் சகோதரிக்குக் கடைசி நாளில் ஒரு பாரம் இருந்தது" என்று ஆரம்பித்தால் போதும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அக்கா. உங்கள் பெட்டி எனக்கு நேர் முன்னால் இருந்தது. அவர் இழைத்த மரம், முடிச்சு இல்லாமல், வழவழவென்று.

"அக்கா நல்லா ஜெபிப்பாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இப்போது அவரும் இல்லை. எதிரே அந்த டீக்கடையும் இல்லை. பிள்ளைகள் பெரியவர்களாகி, அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். நான் ஞாயிறு தவறாமல் போகிறேன். செல்போன் குழுவில் வாரத்துக்கு ஒருமுறை என்னையும் கேட்பார்கள், "உங்க ஜெபக்குறிப்பு என்ன சிஸ்டர்?" என்று. "ஒன்றுமில்லை" என்று போட்டுவிடுவேன். இன்று அந்த மருமகளுக்காக ஜெபித்தேன், அரிசி களைந்துகொண்டு, கண்ணைத் திறந்துவைத்தபடி. கும்பிடும் கை எதையும் அனுப்பவில்லை.

நீங்கள் காதோடு சொன்னது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாஸ்டருக்குத் தெரியாது. என் பெண்களுக்குத் தெரியாது. அவரும் அது தெரியாமலேதான் போனார். இவ்வளவு கோபத்தோடு எழுதிய இந்தக் காகிதத்திலும் அது இல்லை, வேண்டுமானால் முதலிலிருந்து படித்துப் பாருங்கள். கிணற்றில் போட்ட கல் என்றால் இப்படித்தான் இருக்கும், அக்கா.